ஜன்னல் வைக்காத அறை

கதவின் குமிழ் என் கையோடு வந்துவிட்டது.

வேப்பங்கட்டையில் கடைந்த குமிழ். அதன் பின்னால் இரண்டு அங்குலத் திருகாணி நீட்டிக்கொண்டிருந்தது. கதவில் அது இருந்த இடத்திலிருந்து மரத்தூள் உதிர்ந்தது. நான் குமிழைப் பார்த்தேன். கதவைப் பார்த்தேன். மறுபடியும் குமிழைப் பார்ப்பதற்குள் கரண்ட் போய்விட்டது.

காலை ஒன்பது மணி. வெளியே ஆடி மாதத்து வெயில் குறுவை வயல்களின் மேல் தாராளமாகக் காய்ந்துகொண்டிருந்தது. நான் இருந்த இடத்தில் என் கை எனக்கே தெரியவில்லை. போன் சமையலறையில் சார்ஜில் இருந்தது. மனைவி சீர்காழியில் இருந்தாள். என் சொந்தக் கொல்லையில், என் சொந்த யோசனையில் கட்டிய அறைக்குள் நானே மாட்டிக்கொண்டேன்.

கத்த வேண்டியதுதானே என்பீர்கள். கத்தினால் வெளியே கேட்கக் கூடாது என்பதற்காகத்தானே ஐயா எட்டு மாதம் பாடுபட்டேன்!

மாட்டுக்கொட்டகைக்கு வந்த வாழ்வு

இந்த வாரம்தான் என்னைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் கோரஸ் பாடுகிறவன். பக்திப் பாட்டில் பெரிய பாடகர் ஒரு வரி பாடி நிறுத்தியதும் பின்னால் பத்துப் பேர் "ஆஆஆ" என்று எழும்புவார்களே, அதில் இடமிருந்து மூன்றாவது ஆள். என் பெயரை எந்தக் கேசட் அட்டையிலும் தேடாதீர்கள், கிடைக்காது.

அந்த "ஆஆஆ"வுக்காகப் பத்து வருஷம் மெட்ராஸில் ஒரு மேன்ஷன் அறையில் கிடந்தேன். வலங்கைமானுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அங்கே மனைவி கலாவும் ஒரே மகளும். மாதத்துக்கு ஒருமுறை வருவேன். வந்து பையைக் கீழே வைப்பதற்குள் மகள் அம்மாவிடம், "அப்பா எப்பம்மா கிளம்புறாங்க?" என்று கேட்பாள். குழந்தை சாதாரணமாகக் கேட்பதுதான். எனக்குச் சுருக்கென்று இருக்கும். இப்போது அவளும் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள்.

இப்போதெல்லாம் வீட்டிலிருந்தே பாடி அனுப்பலாம். பத்துப் பேர்கூட வேண்டாம். ஒரே ஆள் எட்டுத் தடவை பாடி, எட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கோரஸ் தயார். என்னை வேலைக்குக் கூப்பிடுகிறவர் பிரபு என்று ஒரு தம்பி, ஓர் இசையமைப்பாளரின் உதவியாளர். அவர்தான் சொன்னார்:

"அண்ணே, ஊர்லயே ஒரு ரூம் போட்டுருங்க. சவுண்ட் சுத்தமா வந்துச்சுன்னா அங்கேருந்தே அனுப்பிக்கிட்டு இருக்கலாம். வரலன்னா பழையபடி இங்கதான் வரணும்."

அன்றைக்கே போய் மாடில்லாத மாட்டுக்கொட்டகையை அளந்தேன். எனக்கு உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாது. ஒரு யோசனை தலைக்குள் புகுந்துவிட்டால் சோற்றுத் தட்டோடு எழுந்து நடப்பேன். முதலில் முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டிப் பார்த்தேன். கலா எட்டிப் பார்த்துவிட்டு, "முட்டைக் கடை வைக்கப் போறீங்களா?" என்று கேட்டாள். அட்டை எதிரொலியைக் கொஞ்சம் குறைத்தது. வெளிச்சத்தம் ஒரு துளியும் குறையவில்லை. எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டுவிட்டுக் கொட்டகையை இடித்தேன்.

தங்கராசு கரணையைக் கீழே வைத்தான்

அறையைக் கட்டியவன் கொத்தனார் தங்கராசு. ஊரில் பாதி வீடு அவன் கட்டியது. அஞ்சாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், அதனால் எங்களுக்குள் மரியாதை கிடையாது.

நோட்டுப் புத்தகத்தில் வரைந்து காட்டினேன். இரண்டு செங்கல் சுவர், நடுவில் நாலு விரல் இடைவெளி, அந்த இடைவெளியில் இறுக்கி அடைத்த உமி. எங்கள் பக்கத்தில் உமிக்கா பஞ்சம்? அரிசி ஆலையில் மலைபோல் கிடக்கும். பூச்சி வராமலிருக்க வேப்பிலைச் சருகு கலந்துகொள்ளலாம் என்றேன். தங்கராசு எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பிறகு படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஜன்னல் எங்கடா?"

"ஜன்னல் இல்லடா."

"சரி, வெண்டிலேட்டர்?"

"அதுவும் கிடையாது. சத்தம் வந்துரும்."

கரணையைக் கீழே வைத்துவிட்டான். "நாலு பக்கமும் அடைச்சு நான் ஒரே ஒரு கட்டடந்தாண்டா கட்டுவேன். அதுக்குள்ள போனவன் எந்திரிச்சு வரமாட்டான்."

"இது ஸ்டுடியோடா. மெட்ராஸ்ல எல்லாம் இப்படித்தான்."

"மெட்ராஸ்ல கட்டுறவன் கட்டட்டும். ஈசான்ய மூலையையாவது விடுறா. ஒரு சாண் போதும்."

"ஒரு சாண் விட்டா ஊரே உள்ள வந்து உட்கார்ந்துக்கும்."

எங்கள் ஊர்க் கொத்தனார்களிடம் இது எழுதாத சட்டம். நெல் கொட்டி வைக்கும் அறைக்குக்கூட மேலே ஒரு செங்கல் விட்டுத்தான் கட்டுவார்கள். வடகிழக்கு மூலையை அடைத்துவிட்டால் அந்த வீட்டு மனுஷனுக்கு ஆகாது என்பார்கள். நான் சிரித்தேன். தங்கராசு மூன்று நாள் வேலைக்கு வரவில்லை.

நாலாவது நாள் வந்தான். கரணையை எடுத்தான், சுவர் எழும்பியது. கூரை போட்ட கையோடு எனக்கு மெட்ராஸில் இரண்டு நாள் பாட்டு வேலை வந்தது, போய்விட்டேன். திரும்பி வந்தால் உள்பூச்சு முடிந்து, தேங்காய் நார்ப் பலகை அடித்து, அதன்மேல் சாக்குத் துணியும் இழுத்துக் கட்டி முடித்திருந்தான். தங்கராசு வாழ்நாளில் எந்த வேலையையும் அவ்வளவு வேகமாக முடித்தவன் இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கதவு மட்டும் முழுக்க முழுக்க என் மூளை. இரண்டு பலகைக்கு நடுவே மணல். ஓரமெல்லாம் பழைய டிராக்டர் டியூபை வெட்டி ஒட்டிய ரப்பர் பட்டை. சாத்தினால் பிடித்துக்கொள்ளும். வெளியிலிருந்து வரும்போது தள்ள வேண்டும், உள்ளிருந்து போகும்போது இழுக்க வேண்டும். ஆசாரி கைப்பிடிக்காகக் கதவைத் துளைக்கப் போனார். துளைத்தால் அந்த ஓட்டை வழியாகச் சத்தம் வரும் என்று தடுத்து, உள்பக்கம் ஒரு குமிழைத் திருகச் சொன்னேன். தாழ்ப்பாளும் வேண்டாம் என்றேன். ஆசாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். படித்தவன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை.

எட்டு மோட்டார்

அறை முடிந்தது. ஆறு பாட்டுக்குக் கோரஸ் வேண்டும் என்று பிரபு அனுப்பியிருந்தார். முதல் பாட்டைப் பாடி அனுப்பிவிட்டுக் கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். போன் வந்தது.

"அண்ணே, குரல் நல்லாருக்கு. பின்னாடி ஒரு மோட்டார் ஓடுது."

"ரொம்பவா தம்பி?"

"ஒரு டேக்ல லேசாத்தாண்ணே. எட்டு டேக்கையும் அடுக்கினா எட்டு மோட்டார் ஓடுது."

போர்வெல் மோட்டார்தான். எங்கள் பக்கம் வயலுக்கு மும்முனைக் கரண்ட் விடுகிற நேரத்தில் சுற்றுவட்டார மோட்டார் எல்லாம் ஒரே சமயத்தில் உறுமும். குறுவை நேரத்தில் அதை நிறுத்துங்கள் என்று எந்த விவசாயியிடம் போய்க் கேட்பது? சத்தம் என் அறைக்குள் வரக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் வந்தது. எங்கிருந்து வந்தது என்றுதான் தெரியவில்லை.

"வெள்ளிக்கிழமைதான் கடைசிண்ணே," என்றார் பிரபு. "அதுக்குள்ள சுத்தமா வரலன்னா கிளம்பி வந்துருங்க. இங்க மூணு மாசத்துக்கு வேலை இருக்கு."

மூன்று மாதம் என்பார்கள். பத்து வருஷமும் அப்படித்தான் தொடங்கியது. அன்று சாயங்காலம் கலா பரணிலிருந்து என் பழைய பெட்டியை இறக்கி, ஈரத்துணியால் துடைத்து, அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்றிலிருந்து அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டே நடந்தேன்.

தாம்பாளப் பரிசோதனை

சத்தம் நுழைகிற இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி யோசித்தேன். நான் உள்ளே மைக்கைப் போட்டு, காதில் ஹெட்போனோடு உட்கார்ந்துகொள்வது. கலா பித்தளைத் தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு அறையைச் சுற்றித் தட்டிக்கொண்டே வருவது. எங்கே கேட்கிறதோ அங்கே ஓட்டை.

தெற்கே கேட்கவில்லை, மேற்கே கேட்கவில்லை. கிழக்கிலும் வடக்கிலும் எறும்பு கடித்த மாதிரி லேசாகக் கேட்டது. கிழக்கிலிருந்து வடக்குக்குத் திரும்புகிற இடத்தில் மட்டும் தட்டுகிற சத்தமே நின்று போயிற்று. வெளியே ஓடிவந்து கேட்டேன்.

"அங்க ஏன் தட்டல?"

"கனகாம்பரம் போட்டிருக்கேங்க. மிதிச்சிரக் கூடாதுல்ல," என்றாள்.

நியாயமாகத்தான் பட்டது. அதற்குள் பக்கத்து வீட்டு ரேவதி மதில் மேல் தலையை நீட்டியது. தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவெல்லாம் டியூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிற பெண்.

"சேகரண்ணே, இப்பத்தான் கண்ணசந்தேன். சத்தம் வராத ரூமுக்கு இவ்வளவு சத்தம் போடணுமா?"

கலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாட்களில் என் காது கெட்டுப்போயிருந்தது. பிரிட்ஜ் முனகுவது, பல்லி நகர்வது, கலா அப்பளத்தை நொறுக்குவது எல்லாமே எனக்கு மோட்டார்தான். பாதிப் பாட்டில் எழுந்து போய்ச் சுவரில் காதை வைப்பேன். வெளியே ஓடி மோட்டார் ஓடுகிறதா என்று பார்ப்பேன். திரும்பி வந்து மறுபடி பாடுவேன். இரண்டு வரிக்கு மேல் நிலைக்க முடியவில்லை.

அந்த வாரம் சீர்காழியில் கலாவின் அக்கா மகளுக்கு வளைகாப்பு. "ஒரு நாள்தானே, நீங்களும் வாங்க," என்று கூப்பிட்டாள். வெள்ளிக்கிழமை கெடுவைச் சொல்லி எரிந்து விழுந்தேன். புதன்கிழமை முதல் பஸ்ஸில் அவள் மட்டும் போனாள். அடுத்த நாள் காலையில் வந்துவிடுவதாகச் சொன்னாள்.

சாக்குத் துணிக்குப் பின்னால்

அந்தப் புதன்கிழமைதான் குமிழ் கையோடு வந்தது. பாடிக்கொண்டே இருந்தவன், மோட்டார் ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக, பதிவைக்கூட நிறுத்தாமல் எழுந்து போய்க் கதவை வெடுக்கென்று இழுத்தேன். அதன் பலன் அது. கரண்ட் போனதும் என் வினைதான். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை மின்தடை என்று முந்தின நாளே போனில் செய்தி வந்திருந்தது. படித்துவிட்டு மறந்துபோனேன்.

முதலில் கதவோடு மல்லுக்கட்டினேன். திருகாணியைப் பழைய துளையில் சொருகி இழுத்தேன், வழுக்கிக்கொண்டு வந்தது. மைக் ஸ்டாண்டின் காலை இடுக்கில் விட்டு நெம்பினேன். டிராக்டர் டியூப் ரப்பர் அசையவில்லை. எவ்வளவு நல்ல கதவு என்று ஒரு கணம் பெருமைகூட வந்தது. பிறகு கத்தினேன். தொண்டையை நம்பிப் பிழைக்கிறவன், தொண்டை கிழியக் கத்தினேன். என் சத்தத்தை நார்ப் பலகையும் உமியும் அப்படியே வாங்கிக்கொண்டன.

களைத்துப்போய்த் தரையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் கவனித்தேன், மோட்டார் சத்தம் இல்லை. ஊர் முழுக்க மின்தடை, எந்த மோட்டாரும் ஓடவில்லை. எட்டு மாதமாக நான் தவியாய்த் தவித்த அமைதி இதுதான். அதில் என் நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்கே கேட்டது. பயந்துபோனேன். சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. மறுநாள் காலை வரை யாரும் வரப்போவதில்லை. அதற்குள் இங்கே காற்று தீர்ந்துவிட்டால் என்ன செய்வது? தங்கராசு சொன்ன அந்த ஒரே ஒரு கட்டடம் ஞாபகத்துக்கு வந்தது.

இருட்டு கண்ணுக்குப் பழகியபோது, மூலையில் மேலே, சாக்குத் துணியின் இழைகளுக்கு நடுவே சோளப்பொரி அளவு வெளிச்சம் தெரிந்தது. விளக்கு எரிகிறவரை அது தெரிய வழியே இல்லை. எந்த மூலை என்று கையை நீட்டித் திசையை யோசித்தேன். ஈசான்ய மூலை.

நாற்காலியில் ஏறித் துணியைக் கிழித்தேன். நார்ப் பலகையைப் பிய்த்தேன். கை நுழைகிற அளவுக்கு ஒரு பிவிசி குழாய், இரண்டு சுவரையும் உமியையும் துளைத்துக்கொண்டு போயிருந்தது. அந்த முனையில் கொசுவலை. அதற்கும் அப்பால் காலை வெயில்.

முதலில் வந்தது சந்தோஷமல்ல, கோபம். நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன். அந்த நிலையிலும், "அடப்பாவி தங்கராசு, எட்டு மோட்டாரும் உன் குழாய் வழியாத்தான் வந்துச்சா!" என்றுதான் நினைத்தேன். குளிர்ந்த காற்று சேற்று வாசனையோடு முகத்தில் பட்டது. அதற்குப் பிறகுதான் வாயைக் குழாயில் வைத்துக் கூப்பிட்டேன்.

எவ்வளவு நேரம் கூப்பிட்டேன் என்று தெரியாது. கதவு பட்டென்று திறந்தது. ரேவதி நின்றது, தூக்கம் கலைந்த முகத்தோடு.

"தள்ளுனா தெறந்துக்குதேண்ணே!"

என்னை வேப்பமரத்தடியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, நாடி பார்த்தது.

"கரண்ட் போயி ஃபேன் நின்னுச்சா, பொரண்டுக்கிட்டு கெடந்தேன். இல்லாட்டி கேட்டிருக்காது. ஆமா, பக்கத்துல இருக்கிறவ நான், என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா என்னண்ணே? 'கலா, கலா'ன்னு கூப்பிட்டா? அண்ணிதான் ஊர்லயே இல்லையே!"

அப்படியா கூப்பிட்டேன்? எனக்கு ஞாபகமே இல்லை.

அன்று மத்தியானமே தங்கராசு வேலை செய்கிற இடத்துக்குப் போய் நின்றேன். என் கோலத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் சொன்னான்:

"என்னைக் கேக்காதடா. உன் வீட்ல கேளு."

பெட்டி

வேலை என்ன ஆயிற்று என்று நினைப்பீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை தங்கராசு வந்து, குழாயின் வெளிமுனையில் செங்கல்லால் ஒரு பெட்டி கட்டினான். காற்று அதற்குள் நாலு தடவை வளைந்துதான் உள்ளே வர வேண்டும். திருப்பத்துக்குத் திருப்பம் தேங்காய் நார். டிராக்டர் சைலன்சரைப் பார்த்து அவனுக்குத் தோன்றியதாம். காற்று வருகிறது, மோட்டார் பாதியிலேயே நின்றுவிடுகிறது. கனகாம்பரத்தில் நாலு செடி போயிற்று. நான் வியாழன் சாயங்காலமும் வெள்ளி காலையும் பாடி, ஆறு பாட்டையும் அனுப்பினேன். அஞ்சு சுத்தம் என்றார் பிரபு. ஆறாவதில் எங்கேயோ ஒரு மாடு கத்துகிறதாம். அதற்கு மட்டும் ஒரு நாள் மெட்ராஸ் போய்ப் பாடிவிட்டு அன்றைக்கே ரயில் ஏறிவிட்டேன். கதவுக்கு ஆசாரி இப்போது துளைத்தே கைப்பிடி போட்டிருக்கிறார். இன்றைக்கும் பாதிப் பாட்டில் எழுந்துவிடுகிறேன். குழாய் அடைபட்டிருக்கிறதா என்று கை வைத்துப் பார்க்கத்தான்.

ஆனால் இதெல்லாம் பிறகு நடந்தது. வியாழன் காலையில் கலா வளைகாப்புப் பலகாரப் பையோடு வந்து இறங்கியபோது இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. என் பழைய பெட்டி அலமாரிக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது.

அவளை அறைக்குள் கூட்டிக்கொண்டு போனேன். லேப்டாப்பின் விசிறிச் சத்தம் மைக்கில் விழாமல் இருக்க அதை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்திருப்பேன். புதன்கிழமை கரண்ட் போன பிறகும் அது பேட்டரியில் ஓடி, எல்லாவற்றையும் பதிவு செய்து வைத்திருந்தது. ஹெட்போனை அவள் காதில் மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நான் கதவோடு போராடுவது, நாற்காலி கிரீச்சிடுவது, துணி கிழிவது, அப்புறம் அவள் பெயர். முழுவதும் கேட்டுவிட்டுக் கழற்றினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

மூலையில் தெரிந்த குழாயைக் காட்டினேன். "இது யார் வேலை?"

"நான்தான் தங்கராசண்ணன்கிட்ட சொன்னேன்," என்றாள். மழுப்பவில்லை.

"அது வழியாத்தான் மோட்டார் சத்தம் வருது. ரூம் சரியில்லன்னா நான் திரும்ப மெட்ராஸ் போகணும்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா தாம்பாளத்தை அந்த மூலையில தட்டாம வந்தே?"

"தெரிஞ்சுதாங்க. தட்டிட்டா நீங்க அடைச்சிருப்பீங்க."

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அவள் ஹெட்போன் வயரைச் சுற்றிக்கொண்டே, நிதானமாகச் சொன்னாள்:

"பத்து வருஷம் மெட்ராஸ்ல இருந்தீங்க. நீங்க கூப்பிட்டா எனக்குக் கேக்காது. கொல்லையில வந்து உட்கார்ந்தும் கேக்கக் கூடாதுன்னா எப்படிங்க?"

அவள் எழுந்து வீட்டுக்குள் போனாள். நானும் பின்னாலேயே போனேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, துடைத்து வைத்திருந்த பெட்டியைத் தூக்கிப் பரணின் கடைசி மூலைக்குத் தள்ளினாள்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது.